தளபதிக்கு இருபத்துமூன்று நிமிட மௌனம்

வீடியோக்காரர் தம் பதினெட்டு வருடத் தொழிலில் எவ்வளவோ சத்தங்களைப் பதிவு செய்திருக்கிறார். கல்யாணத்தில் சம்பந்திகள் போட்ட சண்டை, மைக்கைப் பிடுங்கிக்கொண்டு மாப்பிள்ளையின் தாய்மாமன் பாடிய பாட்டு, பள்ளிக்கூட ஆண்டு விழாவில் மேடை சரிந்த சத்தம், எல்லாம் அவர் அலமாரியில் உண்டு. எதற்கும் யாரும் அவரை ஒரு வார்த்தை கேட்டதில்லை. விளக்கம் கேட்டு அவருக்கு நோட்டீஸ் வந்தது ஒரே ஒரு இருமலுக்காகத்தான். இருமியவர் தலைவர். நோட்டீஸ் வந்தது வீடியோக்காரருக்கு.

தலைவர் என்றால், போரில் விழுந்த தளபதியைப் பற்றி ஆவணப்படம் எடுக்க நிதி திரட்டும் குழுவின் தலைவர். தளபதி போய் இருபத்தாறு வருடம். குழு அமைந்து நான்கு வருடம். டயர் கடை மாடியில் ஒரு அறை, பதினோரு நாற்காலி, எட்டுத் துணைக்குழு. ஆவணப்படத்துக்கென்றுதான் வீடியோக்காரரை அமர்த்தினார்கள். படம் தொடங்கும்வரை கேமரா சும்மா கிடந்து கெட்டுவிடக் கூடாதே என்று குழுவின் கூட்டங்களைப் பிடிக்கச் சொன்னார்கள். அப்படிப் பிடித்துப் பிடித்து, தளபதியைப் பற்றி ஒரு நிமிடப் படம்கூட அவரிடம் சேரவில்லை. தளபதியைப் பற்றிப் படம் எடுக்கப்போவதைப் பற்றி நாற்பது மணி நேரம் சேர்ந்துவிட்டது.

ஒவ்வொரு கூட்டமும் தளபதிக்கு மௌன அஞ்சலியோடு தொடங்கும். முதலில் ஒரு நிமிடம். பக்கத்து ஊரில் வேறொரு மாவீரருக்கு வேறொரு குழு இரண்டு நிமிடம் நின்றதாகச் செய்தி வந்ததும், இங்கே மூன்றானது. மூன்றைச் சரியாக நிற்கிறார்களா என்று பார்க்க மௌனத் துணைக்குழு ஒன்று அமைந்தது. அதன் பொறுப்பாளர் ஓய்வுபெற்ற விளையாட்டு ஆசிரியர். கழுத்தில் ஒரு விசில், கையில் ஒரு ஸ்டாப் வாட்ச். மௌனம் தொடங்க ஒரு விசில், முடிய ஒரு விசில். இடையில் யாராவது அசைந்தால் பார்வையாலேயே சுட்டுவிடுவார்.

அப்படிப்பட்ட ஒரு மூன்று நிமிடத்தில்தான் தலைவர் இருமினார். அது பதிவாகிவிட்டது.

நோட்டீஸை எடுத்துக்கொண்டு வீடியோக்காரர் செயலாளரிடம் போனார். செயலாளர் காகிதங்களுக்கு ஸ்டேப்ளர் ஊசி அடித்துக்கொண்டே பேசுகிறவர். நிமிர்ந்து பார்த்துப் பேசினால் எதிராளிக்கு உரிமை வந்துவிடும் என்பது அவர் கட்சி.

"ஐயா, இருமினது தலைவருங்க."

"அவர் இருமலைன்னு நான் சொன்னேனா? இருமல் மனுஷனுக்கு வர்றதுதான். நீங்க எதுக்கு அதைக் கேட்டீங்க?"

"நான் கேக்கலைங்கய்யா, மைக் கேட்டுச்சு."

"மைக் யாருது?"

"என்னோடதுதான்."

"அப்புறம்?"

செயலாளர் ஒரு புதிய விதியை எடுத்து நீட்டினார். இனி மௌன அஞ்சலி தொடங்குமுன் மைக்கின் கேபிளைக் கேமராவிலிருந்து உருவிப் பையில் போட்டுக்கொள்ள வேண்டும். கையில் வைத்திருக்கக் கூடாது. கையில் இருந்தால் திரும்ப மாட்டும் சபலம் வரும். வீடியோக்காரரின் பழைய கேமராவுக்குக் காது என்று இருந்தது அந்தக் கேபிள் ஒன்றுதான்.

"மௌனத்துல சத்தமே இருக்காதுன்னா, கேபிளை எதுக்குங்கய்யா உருவணும்?"

"அதைத்தான் நானும் சொல்றேன்," என்றார் செயலாளர், ஊசி அடித்தபடி. "சத்தமே இல்லாதப்ப உமக்குக் கேபிள் எதுக்கு?"

இந்த மாதிரி இடங்களில் வீடியோக்காரர் தலையாட்டிவிடுவார். தலையாட்டுவதில் அவருக்கு நல்ல பழக்கம் உண்டு. அவர் மனைவி சொல்வாள்: "உங்களுக்குக் கழுத்து வலி வந்தா நம்ம பொழப்பே போச்சு."

*

ஒரு செவ்வாய்க்கிழமை மாலை, தளபதியின் மகள் வீடியோக்காரரின் கடைக்கு வந்தாள். மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவள். நாளெல்லாம் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர்களிடம் "இது தெளிவா இருக்கா, அது தெளிவா இருக்கா" என்று கேட்டுக் கேட்டு, வெளியேயும் அப்படியே பேசுவாள். தகப்பன் இறந்து மூன்று மாதம் கழித்துப் பிறந்த பெண். அவளிடம் தகப்பனின் படம் மூன்று இருந்தது, சட்டை ஒன்று இருந்தது. குரல் இல்லை.

"அண்ணா, வயர்லெஸ்காரர் மாமாவை எப்ப எடுக்கப் போறீங்க?"

"எடுக்கணும்மா. குழு தேதி சொல்லணும்."

"அவருக்கு ஆபரேஷன் தேதியே சொல்லிட்டாங்கண்ணா. வர்ற திங்களுக்கு அடுத்த திங்கள். அதுக்கப்புறம் அவருக்குக் குரல் கிடையாது."

வயர்லெஸ்காரர் யாரென்றால், தளபதியோடு ஆறு வருடம் நிழலாக இருந்தவர். தளபதி தன் குரலை எங்கேயும் பதிவு செய்ய விட்டதில்லை. எதிரி கையில் சிக்கினால் ஆபத்து என்று சொல்லிவிடுவார். அதற்குப் பதில், அவர் தூங்கும்போதும் பயணம் போகும்போதும் வயர்லெஸ்காரர் அவர் குரலிலேயே கருவியில் பேசுவார். ஒட்டுக்கேட்கிற எதிரி, ஆள் முகாமில்தான் இருக்கிறான் என்று நம்பிக்கொண்டிருப்பான். தளபதி ஒரு இடத்தில் விழுந்தபிறகும் இவர் இன்னொரு இடத்திலிருந்து இரண்டு நாள் அவராகப் பேசினார் என்றுகூடச் சொல்வார்கள். ஆக, தளபதியின் குரல் இந்த உலகத்தில் மிச்சமிருந்தது ஒரே ஒரு தொண்டையில். அந்தத் தொண்டையில்தான் இப்போது கட்டி.

"ஒரு தடவை கேட்டா போதும்ணா," என்றாள் மகள். "எப்படி இருக்கும்னே தெரியல. அம்மா இருந்தப்ப சொல்வாங்க, அப்பா ஃபோன்ல பேசினா அந்தப் பக்கம் இருக்கறவங்க பொம்பளைன்னு நெனச்சு 'சொல்லுங்கம்மா'ன்னுதான் ஆரம்பிப்பாங்களாம்."

வீடியோக்காரர் அன்றைக்கே கேமராவைத் தூக்கிக்கொண்டு வயர்லெஸ்காரர் வீட்டுக்குப் போனார். ஒற்றை அறை, ஜன்னலோரம் ஒரு கட்டில், சுவரில் ஆஸ்பத்திரிச் சீட்டு ஆணியில் தொங்கியது. அவர் பேசவில்லை. உதட்டில் விரலை வைத்து, நாற்காலியைக் காட்டினார். பிறகு மெல்ல, காற்றை எண்ணி எண்ணிச் செலவழிப்பவர்போலக் கிசுகிசுத்தார்.

"ஒரு தடவைதான் வரும் தம்பி. அதுக்குத்தான் சேத்து வெச்சிருக்கேன். வீட்ல தண்ணி கேக்குறதுக்குக்கூட கை தட்டுறேன்."

"இப்பவே எடுத்துடலாம்ணே. அஞ்சு நிமிஷம்."

அவர் தலையணைக்கடியிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தார். குழுவோடு போட்ட ஒப்பந்தம். தளபதியின் குரலைக் குழுவின் எழுத்துமூல அனுமதியோடு, குழுவின் முன்னிலையில் மட்டுமே எழுப்புவேன் என்று கையெழுத்து.

"இதை யாருண்ணே வந்து பாக்கப் போறாங்க?"

"போட்ட கையெழுத்து போட்டதுதான். அவர்கிட்ட அதைத்தானே கத்துக்கிட்டேன்." சற்று மூச்சு வாங்கினார். "உங்க தலைவர் நல்லவரு. கேட்டா குடுப்பாரு."

"அவரு தளபதியோட வலது கைன்னு சொல்லிக்கிறாரே, நெசமாண்ணே?"

வயர்லெஸ்காரர் சத்தமில்லாமல் சிரித்தார். "அவரு பின்னால ஸ்டோர்ல இருந்தாரு. காலுறை எண்ணுவாரு. பிரமாதமா எண்ணுவாரு, ஒரு ஜோடி குறையாது."

"அப்ப தளபதி பேசிக் கேட்டதில்லையா?"

"தளபதி காலுறை போட மாட்டாரு தம்பி. அந்தப் பக்கம் போக வேலை இல்ல."

*

அடுத்த நாள் குழுவின் முப்பத்திரண்டாவது கூட்டம். மூன்று நிமிட மௌனம் முடிந்து விசில் ஊதியதும் தலைவர் எழுந்தார். அவருக்கு மைக் தேவையில்லை. கீழே டயர் கடையில் வேலை செய்பவர்கள் அவர் பேச ஆரம்பித்தால் ரேடியோவை நிறுத்திவிடுவார்கள்.

"தோழர்களே! அந்தக் குரல்! அந்தச் சிங்கத்தின் கர்ஜனை! இன்றைக்கும் என் காதில் ஒலித்துக்கொண்டிருக்கிறது! ராத்திரி தூங்கவிடாது!"

வீடியோக்காரர் கையைத் தூக்கினார். வயர்லெஸ்காரர் விஷயத்தைச் சொன்னார். ஆபரேஷன் தேதியைச் சொன்னார். மகளைப் பற்றியும் சொன்னார். அவ்வளவு நீளமாக அவர் அந்த அறையில் பேசியது அதுதான் முதல் தடவை.

தலைவர் கண் கலங்கினார். பொய்யான கலக்கம் இல்லை. அவர் தேசத்தை நினைத்தாலும் கலங்குவார், தன்னை நினைத்தாலும் கலங்குவார், இரண்டுக்கும் அவரிடம் வேறுபாடு கிடையாது.

"ஒரு மகள்! தகப்பன் குரலைக் கேட்க ஏங்கும் ஒரு மகள்! இதைவிட நிதி திரட்ட வேறென்ன வேண்டும்? வர்ற ஞாயிற்றுக்கிழமைக்கு அடுத்த ஞாயிறு, நம்ம நிதி திரட்டும் விழாவில், மேடையில், தளபதியின் குரல்! நிகழ்ச்சி எண் பதினாலு! எழுதுங்க செயலாளர்!"

செயலாளர் எழுதினார். வீடியோக்காரருக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. திங்கள் ஆபரேஷன், ஞாயிறு குரல். நூலிழைதான், ஆனாலும் இழை இருக்கிறதே.

பிறகு செயலாளர் அடுத்த பொருளை எடுத்தார். "நன்கொடை தர்றவங்க எல்லாம் ஒரே கேள்விதான் கேக்குறாங்க. 'எனக்கு என்ன கிடைக்கும்?' பேர் போடுறோம்னா, படத்தைவிடப் பேர்ப்பட்டியல் நீளமா ஆயிடுச்சு. கேடயம் குடுக்கலாம்னா கேடயத்துக்கே செலவாகுது."

அறை யோசித்தது. யோசிக்கும்போது அந்த அறையில் பிஸ்கட் கடிபடும் சத்தம் மட்டும் கேட்கும். சட்டென்று தலைவர் மேஜையைத் தட்டினார்.

"மௌனம்!"

எல்லோரும் எழுந்து நின்றுவிட்டார்கள். மௌனப் பொறுப்பாளரின் விசில் வாய்க்குப் போய்விட்டது.

"உக்காருங்கய்யா. மௌனத்தைக் குடுப்போம்ங்கிறேன். ஆளுக்கு ஒரு நிமிஷம். இந்த நிமிஷ மௌனம் இன்னார் உபயம்! நமக்கு ஒரு செலவும் இல்ல. அவருக்கும் பெருமை, தளபதிக்கும் பெருமை!"

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. அன்றிரவு வீட்டில் வீடியோக்காரர் இதைச் சொன்னபோது மனைவி வெங்காயம் உரிப்பதை நிறுத்திவிட்டுக் கணவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"வாயத் திறக்காம நிக்கிறதுக்கு இவ்வளவு மதிப்புன்னா, நீங்க இந்நேரம் கோடீஸ்வரனா இருக்கணுமேங்க."

*

விழா நாள் காலை பத்து மணி. நகராட்சி மண்டபம்; மடக்கு நாற்காலி நானூறு. வாசலிலேயே எல்லோருடைய கைபேசியையும் வாங்கிப் பிளாஸ்டிக் கூடையில் போட்டு டோக்கன் கொடுத்தார்கள். மௌனத்தில் மணி அடித்துவிட்டால் நன்கொடையாளர் கோர்ட்டுக்குப் போவார் என்று செயலாளருக்குப் பயம்.

முன்வரிசைகளில் நன்கொடையாளர்கள். இருபத்துமூன்று பேர் நிமிடம் எடுத்திருந்தார்கள். டயர் கடை முதலாளி முதல் நிமிடம். பல் ஆஸ்பத்திரிக்காரர் ஏழு. டிரைவிங் ஸ்கூல் உரிமையாளர் பதினேழு. அவர் ராசி எண். மகளுக்குப் பதினாலாவது வரிசையில் இடம். "குடும்பத்தாருக்குன்னு தனி வரிசை வெச்சா குடும்பம் பெருகிடும்," என்றார் செயலாளர். மகள் கடைச் சீருடையிலேயே வந்திருந்தாள். ஒரு மணிக்கு அவளுக்கு வேலை.

வயர்லெஸ்காரர் மேடையோரம், படிக்கட்டுக்குப் பக்கத்தில், கழுத்தில் ஒரு துணியைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான்கு நாளாக ஒரு சொல் பேசவில்லை என்று விரல்களைக் காட்டினார். வீடியோக்காரர் மைக்கை அவர் சட்டையில் குத்திச் சரிபார்த்தார். இதயத்துடிப்புகூட ஹெட்ஃபோனில் கேட்டது.

தலைவர் ஐம்பத்தைந்து நிமிடம் பேசினார். தளபதியின் கடைசிச் சொற்களுக்கு வந்தபோது மண்டபமே அதிர்ந்தது.

"குண்டடிபட்டுச் சாய்ந்தார்! வயர்லெஸைக் கையில் எடுத்தார்! கர்ஜித்தார்! 'என் தாய் மண்ணே! உன் மடியில் தலை வைக்கிறேன்! என் வீரர்களே, என் குருதியில் நனைந்த இந்தக் கொடி...'"

அது பன்னிரண்டு நிமிடம் போயிற்று. வயர்லெஸ்காரர் வீடியோக்காரரின் சட்டையைப் பிடித்து இழுத்து, நோட்டில் எழுதிக் காட்டினார்: "கடைசியாப் பேசினது என்கிட்டதான். இவ்வளவு பேசியிருந்தா பேட்டரி தீர்ந்திருக்கும்."

மணி பன்னிரண்டு இருபது. ஒரு மணிக்கு மண்டபத்தை வேறொருவருக்கு விட வேண்டும். செயலாளர் நிகழ்ச்சி நிரலைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், பேனாவைத் திறந்தார். பதினாலாம் எண்மேல் ஒரு கோடு போட்டார். கோடு போடும் சத்தம் வீடியோக்காரருக்குக் கேட்டது.

"ஐயா! ஐயா, அது வயர்லெஸ்காரருங்க!"

"தெரியும். மௌனத்துக்கே இருபத்துமூணு நிமிஷம் வேணும். காசு வாங்கியாச்சு. அதுக்கப்புறம் நன்றியுரை."

"நாளைக்குக் காலைல அவருக்கு ஆபரேஷனுங்கய்யா."

"நாளைக்குத்தானே? அடுத்த கூட்டம் இருபதாம் தேதி. முதல் நிகழ்ச்சியா வெச்சுடலாம்."

"அப்பக் குரலே இருக்காதுங்கய்யா!"

செயலாளர் முதன்முறையாக நிமிர்ந்து பார்த்தார். அறியாப் பிள்ளையைப் பார்ப்பதுபோல் கனிவோடு பார்த்தார். "அதனால என்ன? எழுதிக் குடுக்கச் சொல்லுங்க. படிச்சுடலாம்."

வீடியோக்காரர் தலைவரிடம் ஓடினார். தலைவர் வியர்வை துடைத்துக்கொண்டிருந்தார். "தம்பி, தனிப்பட்ட ஒருத்தருடைய தொண்டையைவிட தளபதிக்குச் செலுத்தும் மௌனம் பெரிசு," என்று சொல்லி அவர் தோளைத் தட்டினார். அங்கே வீடியோக்காரர் என்ன சொல்லியிருக்கலாம் என்று பிற்பாடு நிறையச் சொற்கள் அவருக்குத் தோன்றின. அப்போது தோன்றியது ஒன்றுதான், தலையாட்டினார்.

நன்கொடையாளர் பெயர்கள் வாசிக்கப்பட்டன. எல்லோரும் எழுந்தார்கள். வீடியோக்காரர் விதிப்படி கேபிளை உருவி, சுருட்டி, சட்டைப் பையில் போட்டுப் பொத்தானையும் போட்டார். விசில் ஊதியது.

நானூறு பேர் ஒன்றாகப் பேசாமல் நிற்பது சாதாரணக் காட்சி இல்லை. முதல் ஐந்து நிமிடம் கம்பீரமாகத்தான் இருந்தது. ஏழாவது நிமிடத்தில் பல் ஆஸ்பத்திரிக்காரர், தன் நிமிடம் வந்ததும், கழுத்துப் பட்டையைச் சரிசெய்துகொண்டு சுற்றிலும் புன்னகைத்தார். பத்தாவது நிமிடத்தில் ஒரு முதியவர் நாற்காலியில் சரிந்து உட்கார, பொறுப்பாளர் போய் அவரை நிமிர்த்தினார். பதின்மூன்றில் தலைவர் நின்றபடியே தூங்கிவிட்டார். காலுறை எண்ணியவர் என்றாலும் இராணுவத்தில் இருந்தவர்தானே. நின்று தூங்கும் பயிற்சி அவருக்கு உண்டு. மின்விசிறிகள் மட்டும் சுற்றின. மண்டபம் கட்டிய நாளிலிருந்து அங்கே அவ்வளவு அமைதி இருந்திருக்காது.

அந்த அமைதியில்தான் அது கேட்டது. பதினேழாவது நிமிடம்.

"ஹலோ... ஹலோ. கேக்குதா?"

மெல்லிய குரல். பெண் குரலா ஆண் குரலா என்று சட்டெனச் சொல்ல முடியாது. கொஞ்சம் அவசரம், வார்த்தைகளுக்கு நடுவில் ஒரு சின்னத் தடுக்கல். வயர்லெஸ்காரர் எழுந்து நின்று, இல்லாத கருவியை வாயருகே பிடித்திருந்தார். கண் பதினாலாவது வரிசையைத் தேடியது. கூச்சலில் எடுபடாத குரல் அது. ஊசி விழுந்தால்கூடக் கேட்கும் அந்த அமைதியில், கடைசி நாற்காலிவரை தெளிவாகப் போயிற்று.

"பசங்க எல்லாரும் சாப்பிட்டாச்சா?... எத்தனை பேருக்கு வந்துச்சு?... சரி. சரி. இங்க ஒண்ணும் இல்ல, சும்மா கொஞ்சம்... மிச்சம் இருந்தா எனக்கு எடுத்து வை. வந்துடுறேன்."

மகள் முன் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வீடியோக்காரரின் கை சட்டைப் பைக்குப் போயிற்று. பொத்தான் கழலவில்லை. ஆத்திரத்துக்குக் கழலாது. அதைத் தைத்துக்கொடுத்த மனைவியைத் திட்டினார், விதியைத் திட்டினார், தன் விரல்களைத் திட்டினார்.

தலைவர் விழித்துக்கொண்டார்.

"யார்யா அது பொம்பளைக் குரல்ல பேசுறது? தளபதிக்கு மௌனம் நடக்குது, மரியாதை தெரியாது? வெளிய அனுப்புங்க!"

விசில் ஊதியது. ஒரு தடவை இல்லை. பொறுப்பாளர் மூச்சு முட்ட முட்ட ஊதினார். வயர்லெஸ்காரரின் உதடு இன்னும் அசைந்துகொண்டிருந்தது. விசில் ஓய்ந்தபோது அவர் கை கீழே இறங்கிவிட்டது. இரண்டு தொண்டர்கள் ஆளுக்கொரு தோளைப் பிடித்து அவரைப் படியிறக்கினார்கள். மகள் வரிசையை விட்டு வெளியே வர முயன்றாள். "மௌனம் இன்னும் ஆறு நிமிஷம் இருக்கும்மா" என்று அவளை நிறுத்தினார்கள்.

டிரைவிங் ஸ்கூல் உரிமையாளர் குமுறினார். "என் நிமிஷத்துல பேசிட்டான்! எனக்குச் சுத்தமான நிமிஷம் வேணும்!" நியாயம்தான் என்று குழு அங்கேயே கூடி முடிவெடுத்தது. இருபத்துமூன்றுக்கு மேல் அவருக்காக ஒரு நிமிடம் புதிதாக நின்றார்கள். நன்றியுரைக்கும் நேரம் சரியாக இருந்தது.

*

செயலாளர் மறுநாள் காலையே ஃபோன் செய்தார்.

"பதினேழாவது நிமிஷத்துல ஒரு சத்தம் வந்துச்சே, அதை வெட்டிடுங்க."

"சத்தமே இல்லைங்கய்யா. கேபிள் பையில இருந்துச்சு. படம் மட்டும்தான்."

"பாத்தீங்களா!" என்றார் செயலாளர், நெகிழ்ந்துபோய். "ஒரு விதி போட்டா, என்னைக்காவது ஒருநாள் அது நம்மைக் காப்பாத்தும்."

புதன்கிழமை வீடியோக்காரர் ஆஸ்பத்திரிக்குப் போனார். வயர்லெஸ்காரரின் கழுத்தில் கட்டு, கட்டின் நடுவே ஒரு குழாய். அவரைப் பார்த்ததும் கண் மலர்ந்து, நோட்டை எடுத்து எழுதினார்.

"பதிவாச்சா?"

வாசலிலிருந்து கட்டில்வரை நடந்த பதினைந்து அடியில் வீடியோக்காரர் உண்மையைத்தான் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்தார்.

"ஆச்சுண்ணே," என்றார். "அற்புதமா வந்திருக்கு."

வயர்லெஸ்காரர் கட்டைவிரலை உயர்த்தினார். மேலும் எழுதினார்: "ஒப்பந்தத்த மீறிட்டேன். குழு முன்னாலதான், ஆனா அனுமதி இல்லாம. தளபதி கோச்சுக்க மாட்டார்னு நெனக்கிறேன்."

"மாட்டார்ணே," என்றார் வீடியோக்காரர். நோட்டை வாங்கி மூடி, தலையணைக்குப் பக்கத்தில் வைத்தார்.

மகளிடம் பொய் சொல்லத் துணிவில்லை. கடையின் பின்னறையில் உட்கார வைத்து, நாற்பது விநாடிப் படத்தை ஓடவிட்டார். திரையில் ஒரு கிழவர் கழுத்துத் துணியோடு வாயை அசைத்தார். பின்னால் தலைவர் கண் விழித்தார். விசிலுக்காகப் பொறுப்பாளரின் கன்னம் உப்பியது. எதற்கும் சத்தம் இல்லை.

அவள் மூன்று தடவை பார்த்தாள். உதடு அசையும்போது அவள் உதடும் கூட அசைந்தது.

"நான் நேர்ல கேட்டேன்லண்ணா," என்றாள், அவரைத் தேற்றுகிறவள்போல. "எல்லாரையும் சாப்பிட்டாச்சான்னு கேட்டாரு. தெளிவா இருந்துச்சு."

"ஆமாம்மா."

"ஞாயித்துக்கிழமை ராத்திரி வரைக்கும் அப்படியே இருந்துச்சு. திங்கக்கிழமை பஸ்ல ஒருத்தி பக்கத்துல நின்னு ஃபோன்ல பேசிட்டே வந்தா, அதுல கொஞ்சம் கலைஞ்சிடுச்சு. இப்ப 'வந்துடுறேன்'ங்கிறது மட்டும்தான் நல்லா கேக்குது." எழுந்து பையை மாட்டிக்கொண்டாள். "அதுவும் எத்தனை நாளைக்குன்னு தெரியல."

அவள் போனபிறகு வீடியோக்காரர் கேபிளை எடுத்து மேஜைமேல் வைத்து, வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றரை மீட்டர் கறுப்புக் கம்பி. அதைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

*

நிதி இலக்கை எட்டிவிட்டது. குழு முப்பத்துமூன்றாவது கூட்டத்தில் படப்பிடிப்பைத் தொடங்கத் தீர்மானம் போட்டது. குரல் இழந்த வயர்லெஸ்காரருக்காக ஒரு நிமிட மௌனம் நின்று, அடுத்த மௌனத்துக்கு அவரையும் அழைக்கலாமா என்று விவாதித்தார்கள். "அவருக்கு மௌனம் சிரமமா இருக்காது," என்றார் செயலாளர். படத்தில் தளபதிக்குக் குரல் கொடுக்க வேண்டிய பெரும் பொறுப்பை, வேறு வழியில்லாமல், கண் கலங்கத் தலைவரே ஏற்றுக்கொண்டார். அந்தக் குரல் அவர் காதில்தானே ஒலித்துக்கொண்டிருக்கிறது.

சனிக்கிழமை காலை, தலைவர் வெந்நீர்க் குடுவையோடு வீடியோக்காரரின் பின்னறைக்கு வந்தார். சத்தம் கேட்காமலிருக்கச் சுவரெல்லாம் பழைய மெத்தை அடித்து, நடுவே ஒரு கண்ணாடித் தடுப்பு வைத்திருந்த அறை. தலைவர் மைக்குக்கு முன்னால் கால்களை அகட்டி நின்றார்.

"ஆரம்பிக்கலாமா?"

"ஒரு நிமிஷங்கய்யா," என்றார் வீடியோக்காரர். குனிந்து ஏதோ சரிசெய்தார். நிமிர்ந்து, சட்டைப் பைப் பொத்தானைப் போட்டார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போய், ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு கையை உயர்த்தினார்.

தலைவர் நாலு மணி நேரம் கர்ஜித்தார். தாய் மண்ணை அழைத்தார், குருதியை அழைத்தார், கொடியில் நனைந்தார். கழுத்து நரம்பு புடைத்தது. வெந்நீர் மூன்று தடவை நிரப்பப்பட்டது. கடைசிச் சொற்களின் முடிவில் மேஜையைப் பிடித்துக்கொண்டு விம்மினார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வீடியோக்காரர், கையில் காகிதத்தோடு, ஹெட்ஃபோனில் ஒரு சின்ன இரைச்சல்கூட வராமல், உட்கார்ந்து தலையாட்டிக்கொண்டிருந்தார்.

"எப்படித் தம்பி வந்திருக்கு?" என்றார் தலைவர், குரல் கம்மிப்போய்.

"துளி குறை இல்லைங்கய்யா."

தளபதிக்காக வீடியோக்காரர் மனதாரச் செலுத்திய முதல் மௌன அஞ்சலி அதுதான். அவர் நெஞ்சோடு சேர்ந்து, சட்டைப் பைக்குள், கேபிளும் சுருண்டு கிடந்தது.